ஒவ்வொரு வரிக்கும் ஒரு சான்று: அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளுக்கு

ஓசூர் சிப்காட்டைச் சுற்றி எந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாலும் ரெஸ்யூம் தயாராக இருக்கும். பெயரையும் போன் நம்பரையும் மாற்றிக்கொண்டால் போதும். மேலே, சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபட விரும்புகிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கீழே, பொழுதுபோக்கு கிரிக்கெட், பாட்டுக் கேட்பது. ஐ.டி.ஐ. முடித்த தம்பிக்கும் அதே தாள், எம்.எஸ்சி. முடித்த தங்கைக்கும் அதே தாள். கம்பெனி கேட்டில் கான்ட்ராக்டரின் ஆள் அதை வாங்கி ஒரு கட்டில் சொருகுவார். ஆள் தேவை என்றால் நாளைக்கே வரச் சொல்வார், இல்லையென்றால் இல்லை. அந்தத் தாளை யாரும் படிப்பதில்லை என்பது கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும்.

அதே பழக்கத்தோடு நம் பிள்ளைகள் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. சில ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் ஓசூர், சூளகிரி, கெலமங்கலம் பக்கத்துக் காலனிகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்புகிறோம். தேர்வில் மதிப்பெண் வாங்கிய பிறகும் சான்றிதழ் சரிபார்ப்பில் வேலையை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். அவர்களில் யாரும் படிக்காதவர்கள் அல்ல. எழுதிய வரிக்குத் தாள் இல்லாதவர்கள், அல்லது தாள் இருந்தும் அந்த வரியை எழுதாமல் விட்டவர்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். தனியார் கம்பெனிக்குக் கொடுக்கும் ரெஸ்யூமில் நாம் சாதியை எழுதுவதில்லை. ஆனாலும் சாதி அங்கே வேலை செய்கிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் இதை ஆய்வு செய்தே காட்டினார்கள். 2005 அக்டோபரில் தொடங்கி 66 வாரங்கள், நாளிதழ்களில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பும் தகுதியும் ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. மேல்சாதி இந்துப் பெயருக்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. 2007-இல் இந்த முடிவுகள் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி இதழில் வெளிவந்தன. நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, இனிஷியல்தான் இருக்கிறது என்று நாம் பெருமைப்படுகிறோம். பெருமைப்படலாம்தான். ஆனால் "எந்த ஊரு? ஊருக்குள்ளயா, காலனியா?" என்ற கேள்வியை இந்தப் பக்கத்தில் வேலை தேடிய எத்தனை பேர் கேட்காமல் தப்பித்திருக்கிறோம்?

அரசு விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி நேராகவே இருக்கிறது: சாதி, வகுப்பு. பல பிள்ளைகளின் கை அந்தக் கட்டத்தில்தான் தயங்குகிறது. கல்லூரியில் உதவித்தொகை வரிசையில் பெயர் கூப்பிட்டபோது திரும்பிப் பார்த்த கண்கள் ஞாபகத்துக்கு வரும். "அண்ணா, ஓசியில போட்டுடவா? மார்க் இருக்கு" என்று கேட்ட தம்பிகள் உண்டு. அவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான். கம்பெனி கேட்டில் அந்தக் கேள்வி உன்னை வெளியே நிறுத்தக் கேட்கப்படுகிறது. இங்கே உன்னை உள்ளே கொண்டுவரக் கேட்கப்படுகிறது. இந்தக் கட்டம் சும்மா வந்ததில்லை. அரசு வேலையில் யார் உட்காருகிறார்கள் என்பது நம் முன்னோர் அன்றே போராடிய விஷயம். இந்தியாவிலும் ஐ.சி.எஸ். தேர்வை நடத்த வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, அதிகாரம் முழுக்கச் சாதி இந்துக்களின் கைக்குப் போய்விடும் என்று 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 3,412 பேரின் கையொப்பத்தோடு எதிர் மனு அனுப்பினார். 1943-இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அண்ணல் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில், மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 சதவீத ஒதுக்கீடு வந்தது. 1946-இல் அது 12.5 ஆனது. இன்று மத்தியில் 15, தமிழ்நாட்டில் 18. அந்தக் கட்டத்தில் நீ எழுதும் ஒரு சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு மனுக்கள் இருக்கின்றன.

இன்னொரு பயமும் உண்டு. எஸ்.சி. என்று எழுதினால் அந்த 18 சதவீதத்துக்குள்ளேயே அடைத்துவிடுவார்கள் என்ற பயம். அப்படி இல்லை. பொதுப்பிரிவில் இடம்பிடிக்கும் அளவுக்கு மதிப்பெண் வாங்கினால் பொதுப்பிரிவு இடமே கிடைக்க வேண்டும், அது ஒதுக்கீட்டுக் கணக்கில் சேரக்கூடாது. 1992-இல் மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான். ஆகவே மறைப்பதால் லாபம் ஒன்றுமில்லை, நட்டம் மட்டும்தான்.

இனி எல்லைப் பகுதிக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். சென்னையில் அச்சாகும் வழிகாட்டிப் புத்தகங்களில் இது இருக்காது. நம் வீடுகளில் தெலுங்கு பேசுகிறோம், கன்னடம் பேசுகிறோம், தமிழ் பேசுகிறோம். ஒரே தெருவில் ஆதிதிராவிடர், மாதிகா, ஒலெயா, ஆதி கர்நாடகா என்று நான்கு பெயர் இருக்கும். இவை எல்லாமே தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகள் பட்டியலில் இருக்கின்றன. பெயர் கன்னடமாகவோ தெலுங்காகவோ இருக்கிறது என்பதற்காக "இது கர்நாடகா சாதி" என்று யாராவது சொன்னால் பட்டியலைக் காட்டுங்கள். அடுத்து, அந்தப் பட்டியலுக்குள் ஏழு சாதிகளுக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு: அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரா. 2009-இல் சட்டமான இதன் பின்னணியில் நீண்ட போராட்டம் இருக்கிறது. பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்து அதை நிலைநிறுத்தியது. சூளகிரி, பாகலூர் பக்கத்து மாதிகா பிள்ளைகள் பலர் விண்ணப்பத்தில் வெறும் எஸ்.சி. என்று போட்டுவிட்டு வருகிறார்கள். நீங்கள் எஸ்.சி. (அருந்ததியர்). டி.என்.பி.எஸ்.சி. படிவத்தில் அது தனி வகுப்பு. உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைக்காவிட்டால் மற்ற எஸ்.சி. இடங்களுக்கும் தகுதி அடிப்படையில் போட்டியிடலாம். மத்திய அரசு விண்ணப்பத்தில் மட்டும் இந்தப் பிரிவு கிடையாது, அங்கே எஸ்.சி. என்றே போட வேண்டும்.

அத்திப்பள்ளிக்குப் போனாலே கர்நாடகம். ஆனேக்கல் பக்கத்திலிருந்து பெண் எடுப்பதும் கொடுப்பதும் நமக்குச் சாதாரணம். சட்டத்துக்கு அது சாதாரணம் இல்லை. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் வேலைக்காகவோ கல்யாணத்துக்காகவோ வேறு மாநிலம் போனால், அங்கே அந்த மாநில அரசு வேலையில் ஒதுக்கீடு கோர முடியாது. 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கிலும், 2018 ஆகஸ்ட் 30 அன்று பீர் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. ஆனேக்கலில் பிறந்து ஓசூரில் வாழ்க்கைப்பட்ட தங்கை, இரண்டு ஊரிலும் அவள் சாதி பட்டியலில் இருந்தாலும், தமிழ்நாடு அரசு வேலையில் பொதுப்பிரிவில்தான் போட்டியிட முடியும். இது அநியாயம் என்றே நாங்கள் நினைக்கிறோம். தீண்டாமை சோதனைச்சாவடியில் இறங்கிக்கொள்வதில்லை. ஆனால் சட்டம் மாறும்வரை அந்தத் தங்கைக்கு மத்திய அரசு வேலைகள் இருக்கின்றன. ரயில்வே, எஸ்.எஸ்.சி., அஞ்சல் துறை ஆகியவற்றில் பிறந்த மாநிலத்துச் சான்றிதழோடு எஸ்.சி.யாகவே விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் தந்தையின் வழியில் இருக்க வேண்டும், கணவரின் வழியில் அல்ல. சாதி கல்யாணத்தால் வருவதில்லை. மறுபக்கம், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன நம் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும், அப்பாவின் சொந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம் என்றால் அந்த வேரைக் காட்டும் தாள்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அப்பாவின் சாதிச் சான்று, அவருடைய பள்ளி மாற்றுச் சான்று, பழைய குடும்ப அட்டை. இவை இருந்தால் தாசில்தார் அலுவலகத்தில் நம் வேலை பாதி முடிந்த மாதிரி.

அடுத்தது பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் முனிராஜ். ஆதாரில் முனிராஜு. பெங்களூரில் எடுத்த பான் கார்டில் முனிராஜப்பா, அதோடு அப்பா பெயர் சர்நேமாக ஒட்டியிருக்கும். மூன்று மொழிக்காரர்கள் மூன்று காதால் கேட்டு எழுதிய ஒரே பெயர். வீட்டில் யாருக்கும் இது பிரச்சினையாகத் தெரியாது, சரிபார்ப்பு மேசையில் மூன்று ஆட்களாகத் தெரியும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருக்கும் எழுத்துதான் அடிப்படை. விண்ணப்பத்தில் அதையே எழுதுங்கள். மற்ற தாள்களை அதற்கு ஏற்றபடி திருத்துங்கள். அறிவிப்பு வந்த பிறகு ஓடாதீர்கள், இந்த மாதமே தொடங்குங்கள்.

தமிழைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2021 டிசம்பரில் வந்த அரசாணைக்குப் பிறகு டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். குரூப் 4-இல் தமிழ்ப் பகுதிக்கு 150 மதிப்பெண். அதில் 40 சதவீதம், அதாவது 60 வாங்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். தெலுங்கு, கன்னட வழியில் படித்த தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது மலை மாதிரி நிற்கிறது. அவர்களுக்கென்று தனியாக உட்கார்ந்து ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து சொல்லிக்கொடுக்கத் தோழர்கள் தேவை. இதைப் படிக்கும் கல்லூரி மாணவர்கள் வாரம் இரண்டு மணி நேரம் தரலாம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கோ 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2010-இல் வந்த சட்டம் அது. இப்போது முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததற்குச் சான்று கேட்கிறார்கள். நான்கு பள்ளி மாறிப் படித்திருந்தால் நான்கு பள்ளியிலும் வாங்க வேண்டும். செங்கல் சூளைக்கும் கல்குவாரிக்கும் பெற்றோரோடு ஊர் ஊராகப் போன பிள்ளைகள்தான் அதிகப் பள்ளி மாறியவர்கள். அதனால் அவர்கள்தான் முதலில் கிளம்ப வேண்டும்.

அனுபவம் என்ற கட்டம் எங்களை மிகவும் வருத்துவது. எட்டு ஆண்டு, பத்து ஆண்டு ஒரே தொழிற்சாலையின் ஒரே மெஷினில் நின்றவர்கள், அந்தக் கட்டத்தில் கோடு போட்டுவிடுகிறார்கள். ஏனென்றால் நியமன ஆணை இல்லை. கான்ட்ராக்டர் மூன்று முறை மாறியிருப்பார், சட்டையின் நிறம் மாறியிருக்கும், மெஷின் மட்டும் மாறியிருக்காது. இந்த ஊரின் உற்பத்தியில் நம் உழைப்பு இருக்கிறது, தாளில் இல்லை. ஆனால் எங்கேயும் இல்லாமல் போய்விடவில்லை. பி.எஃப். பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்த நிறுவனத்தின் பெயரில் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று இருக்கும். இ.எஸ்.ஐ. எண், சம்பளம் வந்த வங்கிக் கணக்கு அறிக்கை, பழைய கேட் பாஸ் எல்லாம் சேர்த்தால் பத்தாண்டு கண்ணுக்குத் தெரியும். இதைக் கையில் வைத்துக்கொண்டு அனுபவச் சான்று கேளுங்கள். 2020-இல் இயற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பின் 56-ஆம் பிரிவு, ஒப்பந்தத் தொழிலாளி கேட்டால் செய்த வேலையின் விவரத்தோடு கான்ட்ராக்டர் அனுபவச் சான்று தர வேண்டும் என்கிறது. தொழிலாளர்களுக்கு நியமன ஆணை தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்தத் தொகுப்பின் பல பிரிவுகளைத் தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன, நாங்களும் எதிர்க்கிறோம். இந்தப் பிரிவைப் பயன்படுத்திக்கொள்வதற்கு அது தடையில்லை. வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதை வையுங்கள்.

பெரும்பாலான அரசு வேலைகளுக்கு ஆன்லைன் படிவம்தான், ரெஸ்யூம் தேவையில்லை. ஆனால் மாவட்ட அளவில் வரும் ஒப்பந்தப் பணிகளுக்கும் தொகுப்பூதியப் பணிகளுக்கும் சில நேரம் தன்விவரக் குறிப்பு கேட்கிறார்கள். அதை இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள். முதல் வரியில் பணியின் பெயர், அறிவிப்பு எண், தேதி. பிறகு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, வகுப்பு, சான்றிதழ் எண். அறிவிப்பில் தகுதி என்று என்னென்ன கேட்டிருக்கிறார்களோ, அதே வரிசையில், அதே சொற்களில் உங்கள் தகுதியை எழுதுங்கள். 'தட்டச்சு இளநிலை' என்று கேட்டிருந்தால் 'கம்ப்யூட்டர் நன்றாகத் தெரியும்' என்று எழுதாதீர்கள். படிப்புக்கு ஆண்டு, நிறுவனம், சதவீதம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே இணைப்பு எண். கடைசியில் இணைப்புப் பட்டியல், கையொப்பம், தேதி. குறிக்கோள், பொழுதுபோக்கு, பூப்போட்ட பார்டர் எதுவும் வேண்டாம். தன்னார்வ வேலையை மட்டும் விடாதீர்கள். இரவுப் பாடசாலை நடத்தியது, கொரோனா காலத்தில் நிவாரணம் கொடுத்தது, சுகாதாரக் கணக்கெடுப்புக்குப் போனது எல்லாம் சமூகப் பணி சார்ந்த வேலைக்கு அனுபவம்தான். என்ன செய்தோம், எத்தனை மாதம், எத்தனை பேருக்கு என்று எண்ணோடு எழுதுங்கள். உறுதிப்படுத்தி ஒரு கடிதம் தரத் தலைமையாசிரியரோ கிராம செவிலியரோ இருப்பார்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் பலர் களத்தில் நிற்பவர்கள். அதனால் கடைசிக் கட்டத்தைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும்: உங்கள் மீது குற்ற வழக்கு உள்ளதா? சுடுகாட்டுப் பாதைக்காக மறியல் செய்ததற்கு, சிலை உடைப்பைக் கண்டித்து முழக்கம் போட்டதற்கு வழக்கு இருக்கலாம். "அது சின்ன கேஸ்தானே, இல்லைனு போட்டுடலாம்" என்று ஜெராக்ஸ் கடையில் சொல்வார்கள். போடாதீர்கள். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை விரிவாகப் பேசியது. கேட்ட விவரத்தை உண்மையாகச் சொல்ல வேண்டும், மறைப்பதே வேலை போகக் காரணமாகலாம் என்றது. அதே தீர்ப்பு, இளம் வயதில் முழக்கம் எழுப்பியது போன்ற சிறிய வழக்கை மறைத்திருந்தால்கூட அதை வேலை தருபவர் பொருட்படுத்தாமல் விடலாம் என்றும் சொன்னது. 'விடலாம்' என்பதை நம்பி மறைக்க வேண்டாம். வழக்கு எண், காவல் நிலையம், இப்போதைய நிலை, விடுதலை என்றால் தீர்ப்பு நகல் எல்லாவற்றையும் இணைத்து எழுதிவிடுங்கள். போலீஸ் வேலைக்கு விதிகள் இன்னும் கடுமை, அதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வழக்குக்குப் பயந்து போராட்டத்துக்கு வராதே என்று நாங்கள் சொல்லவில்லை. உங்கள் மீது என்ன வழக்கு, எந்த எண் என்று தெரியாமல் இருக்காதீர்கள் என்கிறோம். போராட்டத்துக்கு அழைத்துப்போகும் அமைப்புகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. பையனின் வழக்கை முடித்துக் கொடுப்பதும் இயக்க வேலைதான்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டி.என்.பி.எஸ்.சி.யில் நிரந்தரப் பதிவுக் கட்டணம் 150 ரூபாய், ஐந்து ஆண்டுக்குச் செல்லும். தேர்வுக் கட்டணம் நமக்கு இல்லை. எஸ்.எஸ்.சி.யிலும் இல்லை, அங்கே வயதில் ஐந்து ஆண்டு தளர்வும் உண்டு. ரயில்வே கணினித் தேர்வுக்குப் போய்வர எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு இலவச ரயில் பாஸ் உண்டு, விண்ணப்பத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் பயிற்சி இலவசம். வேலை வாங்கித் தருகிறேன் என்று லட்சத்தில் பேசுபவர் யாராக இருந்தாலும், நம் சொந்தக்காரராகவே இருந்தாலும், நகையை அடகு வைக்காதீர்கள்.

ஒரு அரசு வேலை சாதியை ஒழித்துவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. அலுவலகத்திலும் தனி டம்ளர் பார்த்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். ஆனால் மாதம் முதல் தேதி சம்பளம் வரும் ஒரு வீடு, பண்ணையாரிடம் அட்வான்ஸ் வாங்காது. கான்ட்ராக்டரின் போனுக்குக் காத்திருக்காது. தாலுகா அலுவலகத்தில் நம் பெண் ஒருத்தி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால், சான்றிதழுக்கு வரும் அடுத்த பிள்ளையை நிற்கவைத்துப் பேசமாட்டாள். அதற்காகத்தான் இவ்வளவும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு ஃபைல் வாங்குங்கள். சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்று, தமிழ் வழிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, பி.எஃப். பாஸ்புக் நகல், வழக்கு இருந்தால் அதன் தாள்கள். எது இருக்கிறது, எது இல்லை என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள். இல்லாததைத் தேடிப் புறப்படுங்கள். போகும்போது பக்கத்து வீட்டுத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஜெய்பீம்.